பல் ஒட்டாத ஐப்பசி

“கடலை மிட்டாயக் கடிச்சேன்னு ஒத்துக்கிட்டுப் போயேம்ல, அதுக்கு எதுக்கு இம்புட்டு—”

“நான் ஒண்ணுத்தையும் கடிக்கல அத்தை, சத்தியமா இட்லிதான் தின்—”

“இட்லியில விழுந்துச்சாம்லா பல்லு! உங்க அம்மா என்ன, கருங்கல்ல அவிச்சி வச்சாளா?”

“எங்க அம்மா இட்லிய இழுக்காதீங்க, அது பஞ்சு மாதிரி இரு—”

“பஞ்சு மாதிரி இட்லியில விழுகுத பல்லு எங்க டாக்டர் ஒட்டுன பல்லா இருக்காது. மிட்டாய்தான்ல!”

“மிட்டாய் இல்லங்கேன்!”

உள்ளறையில் முத்துசெல்வி கையுறையைப் பாதி மாட்டியபடி அப்படியே நின்றுவிட்டாள். கோவில்பட்டியில், கழுகுமலை ரோட்டின் மேல், இரண்டே அறை உள்ள பல் ஆஸ்பத்திரி அவளுடையது. முன்னறையில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பதும், உள்ளறைக்கு வந்து எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பதும், காலையில் கதவைத் திறந்து எல்லா சுவிட்சையும் போடுவதும் அவளுடைய அப்பாவின் அக்கா ராதாமணி. இவற்றோடு, வருகிறவர்களிடம் டாக்டருக்காகச் சண்டை போடும் வேலையையும் யாரும் கேட்காமலே எடுத்துக்கொண்டிருந்தாள்.

எதிரே நின்றவன் பாண்டிராஜ். கழுகுமலை மினி பஸ்ஸின் கண்டக்டர். மேல்வரிசை முன்பல் ஒன்று பாதி உடைந்து போய், உடைந்த பாதியைப் பல் நிறக் களிம்பால் செய்து முத்துசெல்வி இரண்டு தடவை ஒட்டியும், இரண்டு தடவையும் அது விழுந்துவிட்டது. விழுந்த துண்டைப் பழைய டிக்கெட்டுக்குள் மடித்துக் கொண்டுவந்திருந்தான்.

“மொத தடவ விழுந்தப்ப என்ன சொன்னீங்க? நான் நடுவுல பேசிட்டேன், எச்சி பட்டுட்டுதுன்னீங்க. ரெண்டாவது தடவ ஊமை மாதிரி கெடந்தேன். அதுவும் விழுந்துட்டு. எங்க ஊர்க் கரிசமண்ணு செருப்புல ஒட்டுனா கம்பிய வச்சிச் சுரண்டுனாலும் போவாது. இந்த ஆஸ்பத்திரியில ஒட்டுத பல்லுக்கு அந்த மண்ணையே வச்சிருக்கலாம்.”

காத்திருந்தவர்களில் யாரோ சிரித்தார்கள். ராதாமணிக்கு அது பொறுக்கவில்லை.

“பல்ல உடைச்சது யாரு? நாங்களா? பஸ்ஸுக்குள்ள கம்பியப் பிடிக்காம நின்னு சவடால் அடிச்சிருப்ப.”

“ஆடு குறுக்க வந்துச்சி, டிரைவர் பிரேக் போட்டான், மூஞ்சி கம்பியில போய் இடிச்சிட்டு. அந்த ஆடு யாரு ஆடுன்னு நெனைக்கீங்க? உங்க தம்பி வேணுகோபால் ஆடு!”

“ஆட்டு நெத்தியில பேரு எழுதியிருந்துச்சோ?”

“அத்தை,” என்று முத்துசெல்வி வெளியே வந்தாள். “அண்ணாச்சிய உள்ள அனுப்புங்க.”

“டோக்கன் வரிசை இருக்குட்டி.”

“பரவால்ல, அனுப்புங்க.”

பாண்டிராஜ் உள்ளே வந்து நாற்காலியில் சாய்ந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டான். வெளியே கேட்ட வீறாப்பெல்லாம் காணவில்லை.

“டாக்டரம்மா, உங்ககிட்ட சண்டை போட வரல. வாற ஞாயித்துக்கிழமை எட்டயபுரத்துல பொண்ணு பாக்கப் போறோம். அவிய பெரிய குடும்பம். அங்கன போய் நான் பலகாரத்தக் கடிக்க, பல்லு தட்டுல விழுந்தா என்னத்துக்கு ஆவும்? ஒட்ட முடியும்னா ஒட்டுங்க. முடியாதுன்னா சொல்லிருங்க, மதுரைக்குப் போயிருதேன். நீங்க சொல்லாம விட்டு அங்கன விழுந்துச்சின்னா, பொறவு நான் பஸ்ஸுல வாய மூடிட்டு இருக்க மாட்டேன். அதையும் சொல்லிட்டேன்.”

அவன் மிரட்டலாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னான். ஒரு நாளைக்கு எத்தனை பேர் அந்த பஸ்ஸில் ஏறி இறங்குகிறார்கள் என்று முத்துசெல்விக்குத் தெரியும். ஏற்கெனவே டீக்கடையில் இவள் ஆஸ்பத்திரிக்குக் கேலிப்பெயர் வைத்தாயிற்று என்றும் காதில் விழுந்திருந்தது.

தை மாதம் திறந்த ஆஸ்பத்திரி. கோடை முழுக்க அவள் ஒட்டிய பல்லெல்லாம் அசையாமல் நின்றது. பக்கத்துத் தெரு வெயிலுகந்தம்மாளின் முன்பல்லை அப்படி ஒட்டிக் கொடுத்ததும், அவள் அதை ஊர் முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தாள். ஐப்பசி பிறந்து மழை விழத் தொடங்கியதும் என்ன பிடித்ததோ, ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். அதே பசை, அதே மருந்து, அதே கை. கைதான் கெட்டுவிட்டதோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. கூடப் படித்த வனிதா மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். ‘இங்கே வந்துவிடு, இடம் இருக்கிறது’ என்று இரண்டு வாரமாகக் கூப்பிடுகிறாள். இந்த ஊரிலேயே தன் பெயரில் இருப்பதா, மதுரைக்குப் போய் இன்னொருவர் பெயர்ப்பலகைக்குக் கீழே நிற்பதா என்பது இப்போது பாண்டிராஜின் அந்த அரைப்பல்லில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

“அண்ணாச்சி, உண்மையச் சொல்லுங்க. ஒட்டுன பொறவு ஏதாவது செஞ்சீங்களா?”

“ஒண்ணும் செய்யல டாக்டரம்மா. எங்க அம்மா சொல்லுச்சின்னு கொஞ்ச நேரம் வாயில தண்ணிய வச்சிட்டு இருந்தேன்.”

“தண்ணியா? எதுக்கு?”

“சிமெண்டுதான வச்சீங்க? சிமெண்டு வச்சா நனைச்சி விடணும்லா? எங்க வீட்டுத் தரைக்கு ஒரு வாரம் தண்ணி ஊத்துனோம்.”

குழாயைப் பிடிக்க உள்ளே வந்த ராதாமணி கையைத் தட்டினாள். “அகப்பட்டுக்கிட்டான்! ஏட்டி செல்வி, குத்தம் இவன்மேலதான். எழுதி வாங்கிக்கோ.”

“இல்ல அத்தை. அது அந்த சிமெண்டு இல்ல. நீல வெளிச்சம் அடிச்சி அப்பவே இறுகிரும். அதுக்குப் பொறவு தண்ணி பட்டா ஒண்ணும் ஆகாது. தண்ணி படக்கூடாதது ஒட்டுத நேரத்துலதான்.”

“நல்ல கதை. தபால் தலை ஒட்டணும்னா எச்சி தொட்டுத்தான ஒட்டுதோம்? ஈரம் இல்லாம எது ஒட்டும்?”

“இது வேற பசை அத்தை. துளி ஈரம் நடுவுல நின்னாலும் பிடிக்காது. பிடிச்ச மாதிரி இருக்கும், நாலு நாள்ல விட்ரும்.”

“அப்பம் எலும்பாக் காய வச்சிர வேண்டியதுதான?”

“அதுவும் ஆகாது. மேல் ஓடு நல்லாக் காயணும். உள்பக்கம் லேசா ஈரம் நிக்கணும். அதையும் வறட்டிட்டா பசை உள்ள எறங்காது.”

“விதைப்புக்குப் பதம் பாக்குத மாதிரில்லா சொல்லுதீங்க,” என்றான் பாண்டிராஜ். “சேறா இருந்தாலும் ஆகாது, வெடிச்சிருந்தாலும் ஆகாது.”

“ஆமா, கிட்டத்தட்ட அதுதான். வாயத் திறங்க.”

“ஒரு நிமிசம். இந்தத் தடவ நானும் பாக்கேன்.” எதிரே மாட்டியிருந்த கைக்கண்ணாடியை எடுத்து வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டான். “என்ன செய்யுதீங்கன்னு எனக்கும் தெரியட்டும்.”

ராதாமணி குழாயை அவன் உதட்டோரம் கொக்கி போல் மாட்டினாள். “நான் பிடிச்சிருக்கேன். ஒரு பொட்டு எச்சி அந்தப் பக்கம் போவாது. போனா எம்பேரு ராதாமணி இல்ல.”

முத்துசெல்வி உடைந்த ஓரத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்தாள். பல்லைச் சொரசொரப்பாக்கும் நீல நிற அமிலப் பசையைத் தடவினாள். கழுவினாள். காற்றுக் குழாயை எடுத்து அடித்தாள். காய்ந்ததும் அந்த ஓரம் சுண்ணாம்பு அடித்த சுவர் போல் வெளுக்க வேண்டும். வெளுத்தும் வெளுக்காமலும் ஒரு மினுமினுப்பு. சென்ற இரண்டு தடவையும் இப்படித்தான் இருந்தது. எச்சில் என்று நினைத்து அப்போதும் கூடக் கொஞ்ச நேரம் அடித்தாள். இப்போதும் அடித்தாள்.

“ஆ… ஆ…” என்றான் பாண்டிராஜ்.

“பேசாதல! பேசிப் பேசித்தான் மொத தடவ போச்சி.”

“ஆ… ஆத்து…”

“என்னது, வலிக்கா?” முத்துசெல்வி கையை எடுத்தாள்.

“காத்து! டாக்டரம்மா, கண்ணாடியப் பாருங்க. சாரல் அடிக்கி!”

அவன் பிடித்திருந்த கண்ணாடியில், குற்றாலத்துக்குப் போய் வந்த பஸ்ஸின் முன்கண்ணாடி மாதிரி, பொடிப்பொடியாக நீர் நின்றது.

முத்துசெல்வி கண்ணாடியை வாங்கித் துடைத்தாள். வாய்க்குப் பக்கத்தில் இல்லாமல், தன் கையிலேயே வைத்துக் காற்றை நேராக அதன்மேல் அடித்தாள். மறுபடியும் சாரல். குழாயின் முனையை மாற்றிவிட்டு அடித்தாள். அப்போதும் சாரல்.

“அத்தை,” என்றாள் மெதுவாக. “நான் காய வைக்கல. இத்தன நாளா நனைச்சிட்டு இருந்திருக்கேன். காய வைக்கக் காய வைக்க நனைச்சிருக்கேன்.”

“காத்துல எப்படிட்டி தண்ணி வரும்?”

முத்துசெல்வி பின்வாசலுக்கு நடந்தாள். ராதாமணி குழாயை அவன் வாயிலேயே விட்டுவிட்டுப் பின்னாலேயே போனாள். பாண்டிராஜ் குழாயைக் கழற்றி வைத்துவிட்டு மார்பில் கட்டிய துண்டோடு அவர்களுக்குப் பின்னால் போனான்.

மாடிப்படிக்குக் கீழே தகரக் கூரை. அதற்குள் கம்ப்ரஸர். அதுதான் காற்றை இழுத்து அமுக்கித் தொட்டியில் நிறைத்து உள்ளறைக்கு அனுப்புகிறது. தொட்டியின் அடியில் சின்னதாக ஒரு திருகு. பூட்டிக் கொடுத்த மெக்கானிக் அப்போதே சொன்னார்: ‘மழை நாள்ல காத்து ஈரமா இருக்கும்மா, அமுக்கும்போது அந்த ஈரம் தண்ணியாகி அடியில நிக்கும். இந்தத் திருகை ஒரு நூலளவு திறந்தே விட்ருங்க, சொட்டுச் சொட்டா வெளிய போயிரும்.’ முதல் மழை விழுந்த அன்றைக்கே முத்துசெல்வி அதைத் திறந்து விட்டாள். திறந்து விட்டோம் என்ற நினைப்பில் இருந்துவிட்டாள்.

குனிந்து பார்த்தாள். திருகு மூடியிருந்தது. சாதாரணமாக மூடவில்லை. குறடு போட்டு முறுக்கியது மாதிரி இறுகி இருந்தது.

“இத யாரு மூடுனது?”

“நாந்தான்,” என்றாள் ராதாமணி. அவள் முகத்தில் அவ்வளவு பெருமை. “அத ஏன் கேக்குத? எவனோ பூட்டத் தெரியாதவன் பூட்டிருக்கான். ஒழுகிட்டே கெடந்துச்சி. கையால முறுக்கிப் பாத்தேன், நிக்கல. கடைசியா குறடு வாங்கிட்டு வந்து ஒரேடியா முறுக்கிட்டேன்.”

அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. பைப்பில் தண்ணீர் எப்போது வரும் என்று ராத்திரியெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு கிடக்கிற ஊர். ஒரு குழாய் சொட்டினால் இந்த ஊர்க்காரர்கள் தாண்டிப் போக மாட்டார்கள். அது யார் வீட்டுக் குழாய் என்றும் பார்க்க மாட்டார்கள். ராதாமணி கல்யாண மண்டபத்துக்குப் போனால்கூட, மணமக்களைப் பார்க்கும் முன் கைகழுவும் இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் வருவாள்.

முத்துசெல்வி குறடைக் கொண்டுவரச் சொல்லித் திருகைத் திறந்தாள். சீறிக்கொண்டு தண்ணீர் பீய்ச்சியது. தகரத்தில் மோதி, பாண்டிராஜின் கால்சட்டையை நனைத்து, முற்றத்தில் ஓடியது.

“ஐயோ, ஐயோ, இம்புட்டுத் தண்ணியா!” ராதாமணி ஓடிப்போய் தண்ணீர் பிடிக்கும் பாத்திரம், ஒரு போணியைக் கொண்டுவந்து அடியில் வைத்தாள். “காத்தைப் பிழிஞ்சா தண்ணி வருமாட்டி? இத முன்னமே சொல்லிருந்தா லாரித் தண்ணிக்குச் சொல்லியே விட்டிருக்க மாட்டேனே!”

“அத்தை, இந்தத் தண்ணிதான் உள்ள போய் பல்லு மேல அடிச்சிருக்கு.”

“எந்தப் பல்லு மேல?”

“எல்லாப் பல்லு மேலயும்.”

ராதாமணி போணியைப் பார்த்தாள். திருகைப் பார்த்தாள். பிறகு, துண்டைக் கட்டிக்கொண்டு ஈரக் கால்சட்டையோடு நின்ற பாண்டிராஜைப் பார்த்தாள். ஆஸ்பத்திரி திறந்த நாளிலிருந்து அவள் வாய் மூடி முத்துசெல்வி பார்த்தது அப்போதுதான். அதுவும் நிலைக்கவில்லை. மருமகளின் கையைப் பிடித்து இழுத்து, காதில் ரகசியம் சொன்னாள். அவளுடைய ரகசியம் அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

“ஏட்டி, வாயத் திறந்துராத. மெஷினு ரிப்பேருன்னு சொல்லு. நம்ம மேல தப்புன்னு இவனுக்குத் தெரிஞ்சா இன்னிக்குச் சாயங்காலம் கழுகுமலைக்குப் போயிரும் சேதி.”

“அத்தை, மழை விழுந்த பொறவு ஒட்டுன அத்தன பேரையும் திருப்பிக் கூப்பிடணும். அத்தன பேருகிட்டயும் மிட்டாய்னா சொல்ல முடியும்?”

“ஊரு சிரிக்கும்.”

“சிரிச்சா சிரிக்கட்டும்.” பாண்டிராஜைப் பார்த்துத் திரும்பினாள். “அண்ணாச்சி, உங்கமேல ஒரு தப்பும் இல்ல. நீங்க பேசுனதும் இல்ல, தண்ணிய வச்சதும் இல்ல. எங்க காத்துல ஈரம் இருந்திருக்கு. அத நான் தினம் பாத்திருக்கணும். பாக்கல. தப்பு என்னுது.”

“அவளுது இல்லல,” என்றாள் ராதாமணி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. “முறுக்குனது நான்.”

பாண்டிராஜ் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

“அப்பம்… இட்லி மேல குத்தமில்லயா?”

“இல்ல.”

“எழுதித் தருவீங்களா?” என்று கேட்டவன், பதிலுக்குக் காத்திராமல் போனை எடுத்துவிட்டான். “எம்மா! பெத்தம்மா! நாந்தான் பேசுதேன். இட்லி மேல குத்தமில்லயாம்! டாக்டரம்மாவே சொல்லிட்டாவ… ஆமா… நீ இனிமே உளுந்தக் கூடுதலாப் போட வேண்டாம், பழையபடியே அரை… அட, காத்துல தண்ணியாம்மா… உனக்குப் பொறவு சொல்லுதேன், சொன்னா நம்ப மாட்ட.”

போனைப் பையில் போட்டபோது அரைப்பல் தெரிய அவன் சிரித்த சிரிப்பில் முத்துசெல்விக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ராதாமணி மட்டும் சிரிக்கவில்லை.

தொட்டி முழுக்க வடிந்து, புதுக்காற்று நிறைந்து, கண்ணாடியில் அடித்தால் ஒரு பொட்டும் படியவில்லை என்று ஆகும்வரை மூன்று பேரும் காத்திருந்தார்கள். ராதாமணியே கண்ணாடியைப் பிடித்தாள், துடைத்தாள், இன்னொரு தடவை அடிக்கச் சொன்னாள், சேலைத் தலைப்பால் ஒற்றிப் பார்த்தாள். “இன்னும் ஒருக்கா,” என்றாள். “இன்னும் ஒருக்கா அடி.”

பிறகு வேலை தொடங்கியது. பசை, கழுவல், காற்று. இந்தத் தடவை உடைந்த ஓரம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுத்தது. வெள்ளை வெளேரென்று, புதுச் சுண்ணாம்பு மாதிரி. முத்துசெல்விக்கு மூச்சு வந்தது. கை தன்னுடைய கைதான். அது எங்கேயும் போய்விடவில்லை. ஒட்டும் மருந்தைத் தடவி, மெல்லக் காற்றூதி, நீல வெளிச்சம் காட்டினாள். பல் நிறக் களிம்பை அடுக்கடுக்காக வைத்து உருவம் கொடுத்தாள்.

ராதாமணி குழாயைப் பிடித்தபடி, வாய் திறந்து கிடந்தவனிடம் விசாரணையை ஆரம்பித்தாள்.

“பொண்ணு என்ன படிச்சிருக்கா?”

“ஆ.”

“வேலைக்குப் போறாளா?”

“ஆ ஆ.”

“உங்க பஸ்ஸுல வந்திருக்காளா, இல்ல போட்டோவுல பாத்ததோட சரியா?”

“ஆஆ…”

“அத்தை, அண்ணாச்சி பதில் சொன்னா நாந்தான் மறுபடியும் ஆரம்பத்துல இருந்து செய்யணும்.”

“சொல்லவா சொன்னேன்? கண்ணக் காட்டச் சொன்னேன். பஸ்ஸுல வந்திருக்கா. கண்ணு சொல்லிட்டு.”

வேலை முடிந்து அவன் எழுந்து, கண்ணாடியில் பல்லை இப்படியும் அப்படியும் பார்த்தான். நாக்கால் தடவினான். எது சொந்தப் பல், எது வைத்தது என்று அவனுக்கே தெரியவில்லை. வாசல்வரைக்கும் போனவனை ராதாமணி கூப்பிட்டாள்.

“ஏலே பாண்டி.”

“என்ன அத்தை?”

“மிட்டாயக் கடிச்சேன்னு நான் சொன்னேம்லா…”

“சொன்னீங்க. எல்லாரு முன்னாலயும் சொன்னீங்க.” அவன் காத்திருந்தான்.

“ஞாயித்துக்கிழமை முடியுத வரைக்கும் கடிக்காத.”

அதற்குமேல் அவளிடமிருந்து வராது என்று அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். தலையாட்டிவிட்டுப் போனான்.

அன்று சாயங்காலமே முத்துசெல்வி உட்கார்ந்து, மழைக்குப் பிறகு பல் ஒட்டிக்கொண்டவர்களை ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டாள். நடந்ததை நடந்தபடி சொன்னாள். திங்கட்கிழமை வாருங்கள், திருப்பி ஒட்டித் தருகிறேன் என்றாள். சிலர் “சரி” என்றார்கள். சிலர் “பாப்போம்” என்றார்கள். அந்தப் ‘பாப்போம்’ அவளை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. வெள்ளி, சனி இரண்டு நாளும் முன்னறை நாற்காலிகளில் முக்கால்வாசி காலி. பாண்டிராஜின் பஸ் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் உள்ளே எல்லோரும் சிரிக்கிற சத்தம் கேட்கிற மாதிரி இருந்தது. நிஜமாகவே கேட்டதா என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ராதாமணி கோவிலுக்குப் போய்ச் செண்பகவல்லி அம்மனைப் பார்த்துவிட்டு வந்தாள். என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று முத்துசெல்வி கேட்டதற்கு, “எட்டயபுரத்துல அதிரசம் மெத்துன்னு இருக்கணும்னு” என்றாள்.

திங்கட்கிழமை காலையில் திருகு நூலளவு திறந்திருந்தது. ராதாமணி போணியோடு அதன் பக்கத்திலேயே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே முத்துசெல்வி மூன்றாவது தடவையாகக் கண்ணாடியில் காற்றடித்துப் பார்த்தாள். காய்ந்த காற்று. முன்னறையில் ஒருவரும் இல்லை. வனிதாவின் எண்ணைப் போனில் எடுத்து வைத்துக்கொண்டு, அழுத்துவதா வேண்டாமா என்று அவள் நின்றபோது, வெளியே பிரேக் போட்ட சத்தம்.

ஸ்டாப் இல்லாத இடத்தில் மினி பஸ் நின்றிருந்தது. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனை விடாமல் அடித்தான்.

“பல்லாஸ்பத்திரி எல்லாம் எறங்கு! பல்லாஸ்பத்திரி! ஏ பெரியம்மா, பாத்து, படி உயரம். நீங்களும் எறங்குங்க அண்ணாச்சி, ‘பாப்போம்’னு சொன்னீங்களாம்லா, வந்து பாருங்க!”

ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். கன்னத்தில் கை வைத்தவர்கள், விழுந்த துண்டைத் துணியில் முடிந்தவர்கள், எதற்கு இறங்குகிறோம் என்றே தெரியாமல் வேடிக்கை பார்க்க இறங்கிய ஒரு பெரியவர். முத்துசெல்வி வாசலுக்கு ஓடி வந்தாள். பின்கட்டிலிருந்து ராதாமணியும் போணியோடு வந்து நின்றாள்.

பாண்டிராஜ் படியில் தொங்கியபடி முழுப்பல்லும் தெரியச் சிரித்தான். நெற்றியில் எட்டயபுரத்தில் யாரோ வைத்துவிட்ட குங்குமம் இன்னும் இருந்தது. டிரைவருக்குக் கை காட்டினான். பஸ் நகர, அவன் ராதாமணியைப் பார்த்துக் கத்தினான்:

“அத்தை, என் பங்குக்கு எல்லாரையும் கூட்டியாந்து விட்டுட்டேன், காத்தக் காய வச்சாச்சா?”